விரல் போயிடும்டா

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஜோனல் மீட்டில் குண்டு எறிதலில் இரண்டாவதாக வந்தேன். அன்று சாயங்காலமே சர்டிபிகேட்டைத் தூக்கிக்கொண்டு மிருதங்க வகுப்புக்குப் போனதுதான் நான் செய்த தப்பு. வாத்தியார் சர்டிபிகேட்டைப் பார்க்கவே இல்லை. என் வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவிரலும் மோதிர விரலும் லேசாக வீங்கியிருந்தன. "விரல் போயிடும்டா. ஒண்ணு இது, இல்லேன்னா அது" என்றார். வீட்டில் அப்பாவும் அதையே சொன்னார். குண்டை விட்டேன். மூன்று வருடம் கழித்து பிளஸ் டூ என்று காரணம் சொல்லி மிருதங்கத்தையும் விட்டேன், அது வேறு கதை.

இத்தனை வருடம் கழித்து அந்த வீங்கின விரல் ஞாபகத்துக்கு வரக் காரணம் மிஷ்லீன் ஓஸ்டர்மேயர் என்ற பிரெஞ்சுக்காரப் பெண்மணி. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் குண்டு எறிதலில் தங்கம், வட்டு எறிதலில் தங்கம், போதாக்குறைக்கு உயரம் தாண்டுதலில் வெண்கலம். ஆனால் தொழிலால் அவர் பியானோ கலைஞர். பொழுதுபோக்காக வாசித்தவர் இல்லை, பாரிஸ் இசைக் கல்லூரியில் 1946-இல் முதல் பரிசு வாங்கித் தேறியவர். குண்டு எறிதலில் ஜெயித்த பிறகு பிரெஞ்சு அணி தங்கியிருந்த இடத்தில் உட்கார்ந்து பீத்தோவன் வாசித்தார் என்கிறார்கள். நான்கு கிலோ இரும்பைத் தள்ளிய அதே கை.

1922-இல் பிரான்சின் வடக்கே பிறந்தவர். எழுத்தாளர் விக்டர் ஹியூகோவுக்குச் சொந்தம். அம்மாவே பியானோ சொல்லிக்கொடுப்பவர் என்பதால் நாலு வயதிலேயே பாடம் ஆரம்பித்துவிட்டது. குடும்பம் துனிசியாவுக்குக் குடிபெயர்ந்தது, பதினாலு வயதில் படிக்க பாரிஸ் போனார், போர் வந்தது, திரும்பவும் துனிஸ். அங்கேதான் விளையாட்டு கிளப்பில் சேர்ந்து ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று எல்லாவற்றிலும் கை வைத்தார். அதே சமயம் துனிஸ் வானொலியில் வாராவாரம் பியானோ நிகழ்ச்சியும் நடத்திக்கொண்டிருந்தார். "ஒண்ணு இது, இல்லேன்னா அது" என்று சொல்ல அந்த ஊரில் எங்கள் வாத்தியார் இல்லை போலிருக்கிறது.

போர் முடிந்து பாரிஸ் திரும்பினார். இசைக் கல்லூரியில் முதல் பரிசு வாங்கிய அதே 1946-இல் ஆஸ்லோவில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் குண்டு எறிதலில் வெள்ளி.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். குண்டும் வட்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே ஜாதி மாதிரி தெரியும், ஆனால் கைக்கு ரெண்டும் வேறு வேறு. குண்டு எறிதல் என்று பெயர்தானே தவிர அதை எறியவே கூடாது, கழுத்தோடு ஒட்ட வைத்துத் தள்ள வேண்டும், பந்து மாதிரி தோளுக்குப் பின்னால் கொண்டுபோனால் பவுல். குண்டை விரல் நுனிப்பக்கம் ஏற்றி வைத்தால் விரல் பின்னால் வளைந்து வலிக்கும், உள்ளங்கையில் உட்கார வைத்தால் தூரம் போகாது, விரல்கள் தொடங்குகிற அந்த மேட்டில்தான் அதற்கு இடம். என் விரல் வீங்கியது இது தெரியாமல்தான் என்று ரொம்பப் பின்னாடிதான் புரிந்தது. வட்டு அப்படியே தலைகீழ். பெண்களுக்கான வட்டு ஒரே கிலோதான், அதை இறுக்கிப் பிடிக்கவே கூடாது. விரல்களின் கடைசிக் கணு விளிம்பில் சும்மா மாட்டியிருக்கும், சுழலும் வேகம்தான் அதைக் கையோடு ஒட்ட வைக்கிறது, கடைசியில் சுட்டுவிரலை உரசிக்கொண்டு சுற்றிக்கொண்டே கிளம்பும். எங்கள் பி.டி. மாஸ்டர் வட்டு எறிகிற பையன்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: மெதுவா ஆரம்பி, கையை லூசா விடு, அவசரப்பட்டா செத்த. வேடிக்கை என்னவென்றால் மிருதங்க வகுப்பிலும் எனக்கு விழுந்த திட்டு இதேதான். மணிக்கட்டு விறைத்தால் சாப்பு என்கிற அடி கட்டையில் அடித்த மாதிரி விழும், அவசரப்பட்டால் காலப்பிரமாணம், அதாவது தாளத்தின் வேகம், ஓடிப்போகும்.

ஓஸ்டர்மேயர் பின்னாளில் சொன்னதாக ஒன்று உண்டு. விளையாட்டு பலம் கொடுத்தது, இசை மனதைத் தளர்த்தியது என்றுதானே யாரும் எதிர்பார்ப்போம். அவர் மாற்றிச் சொன்னார்: உடலைத் தளர்த்திக்கொள்ள விளையாட்டு கற்றுத்தந்தது, புஜபலத்தையும் தாளத்தையும் கொடுத்தது பியானோ. இதைப் படித்தவுடன் எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

சரி, லண்டன். போர் முடிந்து மூன்றே வருடம், ரேஷன் இன்னும் போகவில்லை, புதிதாக எதுவும் கட்டக் காசில்லாமல் வீரர்களை ராணுவ முகாம்களிலும் கல்லூரிகளிலும் தங்க வைத்தார்கள். ஜூலை 30-ஆம் தேதி வெம்ப்ளியில் வட்டு எறிதல், 41.92 மீட்டர். வட்டை அவர் கையில் எடுக்க ஆரம்பித்தே சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஆகஸ்ட் 4-ஆம் தேதி குண்டு, 13.75 மீட்டர். பெண்கள் குண்டு எறிதல் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதே அந்த வருடம்தான், ஆக அதன் முதல் தங்கமே இவருடையது. இரண்டாவதாக வந்த இத்தாலிக்காரி 13.09, அறுபது சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம், குண்டு எறிதலில் அது சாதாரணம் இல்லை. மூன்று நாள் கழித்து உயரம் தாண்டுதலில் 1.61 மீட்டர், வெண்கலம். குண்டு எறிகிற ஆள் உயரம் தாண்டிப் பதக்கம் வாங்குவதை இன்றைக்கு நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. (அதே வெம்ப்ளியில் ஆகஸ்ட் 12-ஆம் தேதி நம் ஹாக்கி அணி பிரிட்டனை 4-0 என்று சாத்தியது. அதைச் சொல்லாமல் விட்டால் தாத்தா கோபித்துக்கொள்வார்.)

அந்த ஒலிம்பிக்கில் நாலு தங்கம் வாங்கிய நெதர்லாந்து ஓட்டக்காரி ஃபேனி பிளாங்கர்ஸ்-கோன் பெயர்தான் எல்லாருக்கும் தெரியும். இவர் பெயர் அந்த நிழலில் போய்விட்டது.

புள்ளிவிவரக்காரர்கள் ஒரு மடக்கு மடக்குவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. 1936 பெர்லினில் வட்டு எறிதல் தங்கம் 47.63 மீட்டர், இவருடையது அதைவிடக் கிட்டத்தட்ட ஆறு மீட்டர் குறைவு. 1948-க்கு ஜெர்மனியை அழைக்கவில்லை, சோவியத் யூனியன் வரவில்லை. சோவியத் பெண்கள் வந்து இறங்கிய 1952-இல் தங்கம் 51.42-க்குப் போய்விட்டது. வாஸ்தவம்தான். ஆனால் வராதவர்களை எப்படித் தோற்கடிப்பது? ஒரே ஒலிம்பிக்கில் குண்டு, வட்டு இரண்டிலும் தங்கம் வாங்கிய பெண்கள் இதுவரை ரெண்டே பேர், இவரும் 1964 டோக்கியோவில் சோவியத்தின் தமாரா பிரெஸ்ஸும்.  இதில் ஓஸ்டர்மேயருக்கு எறிந்து முடித்ததும் பியானோ முன்னால் போய் உட்கார வேண்டும்.

1950-இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் குண்டு எறிதலில் வெண்கலமும், 80 மீட்டர் தடை ஓட்டத்தில் (நன்றாகப் படியுங்கள், தடை ஓட்டத்தில்) இன்னொரு வெண்கலமும் வாங்கிவிட்டு அதற்கடுத்த வருடத்தோடு மைதானத்துக்கு முழுக்குப் போட்டார். அதன் பிறகு மேடைக் கச்சேரிகள், கல்யாணம், கொஞ்ச காலம் லெபனான், திரும்பவும் பிரான்ஸ், பிள்ளைகளுக்குப் பியானோ பாடம். 2001-இல் இறந்தார்.

அவர் கதையில் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது பதக்கம் இல்லை. ஆறு வருடம் அவர் லிஸ்ட் என்ற இசை மேதையின் பாட்டுகளை மேடையில் தொடாமலே இருந்தாராம். லிஸ்ட் வாசிக்க ராட்சச பலமும் வேகமும் வேண்டும், இவர் அதை வாசித்தால் 'விளையாட்டுக்காரி ஆயிற்றே, பலத்தைக் காட்டுகிறாள்' என்று காதில் கேட்காமல் கண்ணால் கேட்பார்கள் என்ற பயம். குண்டு அவர் விரலை ஒன்றும் செய்யவில்லை. சபையில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் ஆறு வருடத்தை எடுத்துக்கொண்டார்கள். வாத்தியாரிடம் இதைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். "அது வெள்ளைக்காரி கை" என்றிருப்பார், அவ்வளவுதான்.

அந்தக் காலத்துக் குண்டு ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது, மாடிக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அண்டக்கொடுத்திருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் கீபோர்டு கிளாஸ் முடித்து வந்தவள், பையைக்கூடக் கழற்றாமல் அதைத் தூக்கிப் பார்த்தாள். அப்படியே உள்ளங்கையில் வைத்து, கை நடுங்க. அக்கா சமையற்கட்டிலிருந்து என்னவோ கத்தினாள். நான் போய் அக்கா மகள் கையைத் திருப்பி, குண்டைக் கொஞ்சம் மேலே, விரல்கள் தொடங்குகிற இடத்துக்கு நகர்த்தி வைத்தேன்.