ஓவர்கிளாக்குக்குப் பின் திரை வராத கம்ப்யூட்டர்: எழுப்பிய கதை

ஓவர்கிளாக் செய்த, அதாவது நிர்ணயித்ததைவிட வேகத்தை ஏற்றிய, கம்ப்யூட்டர் படுத்துவிட்டால், எது போச்சு என்று பதறுவதற்கு முன்னால் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ப்ராசஸரின் வேகத்தை ஏற்றியது ஒத்துவரவில்லை என்றால் பெரும்பாலும் விண்டோஸ் வரைக்கும் வந்துவிடும். கொஞ்சம் பாரமான வேலை கொடுத்ததும் நீலத் திரை காட்டும், அல்லது சொல்லாமல் கொள்ளாமல் ரீஸ்டார்ட் ஆகும். ரேம் பக்கம் செய்த மாற்றம் ஒத்துவராவிட்டால் அவ்வளவு தூரமே வராது. ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் நிரலின் லோகோகூடத் தெரியாது. எனக்கு வாய்த்தது இந்த இரண்டாவது வகை.

என்னுடையது ரைசன் 5000 வரிசை ப்ராசஸர், 16 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு. எக்ஸ்எம்பி (ரேமிலேயே தயாரிப்பாளர் பதித்துவைத்த வேக அமைப்பு) போட்டு 3600-ல் ரொம்ப நாளாக எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை 3800-க்கு ஏற்றிப் பார்க்க ஆசை. 3800 என்று போடுவது இரட்டித்த எண். ரேமின் உண்மையான கடிகாரம் அதில் பாதி, 1900 மெகாஹெர்ட்ஸ். இந்த ப்ராசஸர்களுக்குள்ளே இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்று ஓர் இணைப்பு இருக்கிறது. அதன் கடிகாரமும் ரேமின் கடிகாரமும் ஒன்றாக ஓடினால்தான் ரேம் வேகத்தை ஏற்றியதற்குப் பலன். அதனால் ஃபேப்ரிக்கையும் 1900 என்று வைத்தேன், ரேம் வோல்டேஜை 1.35-லிருந்து 1.40 ஆக்கினேன், சேவ் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தேன்.

விசிறிகள் சுற்றின. கிராபிக்ஸ் கார்டின் விளக்கு எரிந்தது. மானிட்டர் மட்டும் சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டது. கீபோர்டில் நம்லாக் அழுத்தினால் அந்த விளக்கு மாறவில்லை; அதாவது போஸ்ட் (ஆன் ஆனதும் மதர்போர்டு செய்யும் சுயபரிசோதனை) முடியவே இல்லை.

இந்த இடத்தில் கை பரபரக்கும். உடனே பவரை அணைக்கக் கூடாது. ரேம் அமைப்பை மாற்றினால் போர்டு புதிதாக மெமரி டிரெய்னிங் செய்யும், அதாவது ரேமோடு பேசுவதற்கான அளவுகளைச் சோதித்து அமைக்கும், அதற்கு நேரம் பிடிக்கும். டிடிஆர்5 போர்டுகளில் சில நிமிடங்கள் இருட்டுத் திரையோடு உட்கார்ந்திருப்பது சகஜம். செத்துவிட்டது என்று நினைத்து நடுவில் அணைப்பவர்கள் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதுதான். டிடிஆர்4-ல் அவ்வளவு ஆகாது. டிரெய்னிங் தோற்றால் போர்டே தன்னை அணைத்து ஆன் செய்து, சில முறை முயன்றுவிட்டு, பழைய பாதுகாப்பான அமைப்புக்குத் திரும்பி "ஓவர்கிளாக் தோல்வி" என்று ஒரு செய்தி காட்டும். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். வரவில்லை. போர்டு ஒரு முறைகூடத் தன்னை ரீசெட் செய்துகொள்ளவில்லை, அப்படியே உறைந்து நின்றது. தோல்வியை எண்ண வேண்டிய நிரலே நடுவில் நின்றுவிட்டால் எண்ணுவது யார்?

கேபினட்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து பார்த்தேன். போர்டின் வலது மேல் மூலையில் நான்கு சின்ன விளக்குகள் உண்டு: சிபியு (ப்ராசஸர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட். போஸ்ட் எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அந்த விளக்கு எரிந்தபடியே இருக்கும். கேபினட்டின் முன்பக்கத்து வண்ண விளக்குகளுக்குச் செலவழிப்பவர்கள் இந்த நாலு விளக்கு இருக்கிறதா என்று பார்த்து போர்டு வாங்கலாம் என்பது என் கட்சி. எனக்கு டிரேம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போயிருக்குமோ, ப்ராசஸர் போயிருக்குமோ என்ற சந்தேகங்களை அப்போதே ஒதுக்கிவைத்தேன். சேவ் கொடுத்த அடுத்த நொடி வரை ஓடியது, விளக்கும் மெமரிக் கட்டத்தைத்தான் காட்டுகிறது, மாற்றியதும் அதைத்தான்.

அடுத்து சிமாஸ் கிளியர், அதாவது பயாஸில் சேமித்த அமைப்புகளை அழிப்பது. பலரும் போர்டில் உள்ள பேட்டரியைக் கழற்றிவிட்டு "ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் வயர் சுவரில் செருகியே இருந்தால், கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அது இருக்கிறவரை சிஆர்2032 பேட்டரியைக் கழற்றுவதும் கழற்றாததும் ஒன்றுதான். அதனால் முதலில் எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஸ்விட்சை அணைத்து, வயரையும் உருவி, முன்பக்கப் பவர் பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தேன். மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கும்போது விசிறி ஒரு துடிப்பு துடித்து நிற்கும், பார்த்தாலே தெரியும்.

என் போர்டில் பேட்டரியும் கிளியர் செய்யும் இரண்டு பின்களும் கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே. கார்டின் பின்பக்கத்து ஸ்குரூவைக் கழற்றி, ஸ்லாட்டின் ஓரத்தில் இருக்கும் கொக்கியை அழுத்தி, கார்டை நேராக மேலே எடுத்தேன். பெரிய கார்டு என்றால் அந்தக் கொக்கிக்கு விரல் எட்டாது. ஒரு மர ஸ்கேலால் அழுத்தினால் சுளுவாக விடும், உலோகத்தால் அழுத்தினால் போர்டில் கீறல் விழும். பின்கள் எவை என்பதை மேனுவலில் பார்த்து உறுதிசெய்துகொண்டு, ஸ்குரூடிரைவர் முனையால் இரண்டையும் சேர்த்துத் தொட்டுப் பத்து நொடி பிடித்தேன். பக்கத்திலேயே யுஎஸ்பி பின்கள் அதே மாதிரி இருக்கும், கண்ணாடி போட்டுப் பார்ப்பது உத்தமம்.

கிராபிக்ஸ் கார்டைத் திரும்பப் போடாமலே ஆன் செய்தேன், வேண்டுமென்றேதான். இந்த ப்ராசஸரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, படம் வராது என்று தெரியும். விளக்கு எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். சிபியு எரிந்து அணைந்தது. டிரேம் எரிந்தது, சற்று நின்றது, அணைந்தது. விஜிஏ எரிந்து அங்கேயே நின்றது. கார்டு இல்லாத போர்டு கார்டு இல்லை என்கிறது, அவ்வளவுதான், மெமரி தாண்டிவிட்டது. அணைத்து, கார்டைப் போட்டு, மானிட்டரை மாட்டி ஆன் செய்ததும் பயாஸ் அமைப்புகள் அழிந்துவிட்டன என்ற செய்தியோடு திரை வந்தது. ரேம் 2133-ல் நின்றது.

டிரேம் விளக்கு அப்போதும் அணையாமல் இருந்திருந்தால் ஒரு ரேமை மட்டும், ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில் போட்டுப் பார்த்திருப்பேன். பிறகு இன்னொரு ரேமை அதே இடத்தில். அது வரைக்கும் தேவைப்படவில்லை.

திரை வந்ததும் நேராக விண்டோஸுக்குள் போகக் கூடாது, இதை யாரும் சொல்வதில்லை. சிமாஸ் அழிந்தபோது ரேம் வேகம் மட்டும் அழியவில்லை. என் பயாஸ் பழைய பதிப்பு; அதில் டிபிஎம் (மறையாக்கச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி) இயல்பாக அணைந்தே இருக்கும். டிஸ்க்கில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் மறையாக்கம்) போட்டிருப்பவர்கள் டிபிஎம்மைத் திரும்ப ஆன் செய்யாமல் பூட் செய்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நீலத் திரை நிற்கும். அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கலாம், ஆனால் அதை இன்னொரு கருவியிலிருந்துதான் எடுக்க வேண்டும். நான் டிபிஎம், செக்யூர் பூட், பூட் வரிசை, தேதி நேரம் எல்லாவற்றையும் சரிசெய்த பிறகே வெளியே வந்தேன். டிஸ்க்கை ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும்) அமைப்பில் வைத்திருப்பவர்கள் அதையும் திரும்ப வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸ் டிஸ்க்கே இல்லை என்று சொல்லிவிடும்.

பூட் ஆனதோடு விஷயம் முடியவில்லை. 1900 ஒத்துவராதது ரேமுக்கா ஃபேப்ரிக்குக்கா? இதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டால் டைமிங்கையும் (ரேமின் தாமத அளவுகள்) வோல்டேஜையும் கண்ணைக் கட்டிக்கொண்டு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். முதலில் ரேமை 3800 வைத்து ஃபேப்ரிக்கை 1800-லேயே விட்டேன். கடிகாரங்கள் பிரிந்து ஓடுவதால் தாமதம் கூடும், சோதனைக்குப் பரவாயில்லை. பூட் ஆனது, யுஎஸ்பியிலிருந்து மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை நிரல் இரவு முழுக்க ஓடியும் ஒரு பிழை இல்லை. அடுத்து ரேமை 3600-ல் வைத்து ஃபேப்ரிக்கை மட்டும் 1900 ஆக்கினேன். அதே இருட்டு, அதே டிரேம் விளக்கு. டிரேம் விளக்கு எரிந்தால் ரேம்தான் குற்றவாளி என்று எடுத்துக்கொள்ள முடியாது; மெமரிக் கட்டத்தில் ஃபேப்ரிக்கும் சேர்ந்தே எழ வேண்டியிருக்கிறது. இந்த வரிசை ப்ராசஸர்கள் சிலவற்றில் சரியாக 1900-ல் மட்டும் ஓட்டை இருக்கும், அதைத் தாண்டி 1933-ல்கூட ஓடும். என்னுடையது அங்கேயும் ஏறவில்லை. வோல்டேஜை ஏற்றித் துரத்த எனக்கு விருப்பமில்லை.

கடைசியில் 3733, ஃபேப்ரிக் 1866 என்று நிறுத்திக்கொண்டேன். மறுபடி மெம்டெஸ்ட் ஓட்டி, விண்டோஸில் சிஸ்டம் ஃபைல் செக்கரையும் ஓட்டினேன், தடுமாறும் மெமரியோடு ஏதாவது எழுதப்பட்டுக் கோப்பு கெட்டிருந்தால் தெரியட்டும் என்று. விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் வியா (WHEA, வன்பொருள்) பிழைகள் எதுவும் இல்லை. ஃபேப்ரிக் எல்லையைத் தொட்டு ஓடினால் முதலில் அங்கேதான் தலைகாட்டும், கம்ப்யூட்டர் வெளியே ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே. இப்போதுள்ள அமைப்பை பயாஸ் புரொஃபைலாக யுஎஸ்பியில் சேமித்துவிட்டேன்; போர்டுக்குள் மட்டும் சேமித்தால் சில போர்டுகளில் சிமாஸ் கிளியரோடு அதுவும் போய்விடும்.

இன்னொரு வேலையும் செய்தேன். கேபினட்டின் ரீசெட் பட்டனை நான் தொடுவதே இல்லை. அதன் இரண்டு பின் கனெக்டரைக் கழற்றி சிமாஸ் கிளியர் பின்களில் மாட்டிவிட்டேன். இனி கிராபிக்ஸ் கார்டைக் கழற்ற வேண்டாம். வயரை உருவிவிட்டு அந்தப் பட்டனை அழுத்தினால் போதும். மூன்று பின்னும் ஜம்பர் மூடியும் உள்ள போர்டுகளுக்கு இது சரிவராது. கம்ப்யூட்டர் ஓடும்போது யாராவது அதை அழுத்தக்கூடிய இடத்தில் கேபினட் இருந்தாலும் வேண்டாம்.