கோத்தகிரியிலிருந்து தேவாலா வரை: கைவிடப்பட்ட ஆலைகளின் ஜன்னல்கள்

பாழடைந்த ஆலைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது ஜன்னல்களைத்தான். கோயம்புத்தூரில் மூடிக் கிடக்கும் பஞ்சாலைகளைப் படம் எடுக்கத் தொடங்கிய நாட்களில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. பழைய பஞ்சாலையின் கூரை ரம்பத்தின் பற்களைப் போல மடிந்து மடிந்து செல்லும்; ஒவ்வொரு மடிப்பின் செங்குத்தான பக்கத்திலும் வடக்கு நோக்கிக் கண்ணாடி பதித்திருப்பார்கள். நேர் வெயில் விழாமல் நாள் முழுவதும் சீரான வெளிச்சம் இருந்தால்தான் அறுந்த இழை கண்ணுக்குத் தெரியும். இயந்திரங்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போன பிறகும் அந்த வெளிச்சம் மட்டும் தவறாமல் ஷிஃப்டுக்கு வந்துகொண்டிருக்கும்.

இம்முறை மலையேறியதற்குக் காரணம் ஒரு பிலிம் சுருள். என் மாமாவின் ஸ்டுடியோவைக் காலி செய்தபோது கிடைத்த சாமான்களை எங்கள் வீட்டுப் பரணில் போட்டு வைத்திருந்தோம். சென்ற தை மாதம் வெள்ளையடிப்பதற்காக அவற்றை இறக்கியபோது, யாஷிகா மேட் கேமராவின் தோலுறைக்குள் ‘இந்து’ என்று அச்சிட்ட, பிரிக்கப்படாத 120 அளவுச் சுருள் ஒன்று இருந்தது. ஊட்டியில் தயாரான கருப்பு வெள்ளை பிலிம். காலாவதியாகி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பன்னிரண்டு படங்கள் எடுக்கலாம். அதைப் பிறந்த இடத்துக்கே கொண்டு போய்ப் படம் எடுப்பது என்று அன்றே முடிவு செய்தேன். மனைவி சிரித்தாள், ஆனால் தடுக்கவில்லை.

முதல் நாள் கோத்தகிரிப் பக்கம் சென்றேன். அங்கே மூடப்பட்ட தேயிலை ஆலை ஒன்றின் உரிமையாளரிடம் நண்பர் ஒருவர் மூலம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தேன். பாழ்பட்ட கட்டடத்துக்கும் உரிமையாளர் உண்டு என்பதை இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் இளைஞர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். சுவரேறிக் குதித்துத்தான் படம் எடுக்க வேண்டுமென்றால் நான் அந்தப் படமே வேண்டாம் என்பேன். தொண்ணூறுகளின் இறுதியில் பச்சைத் தேயிலையின் விலை சரிந்ததில் நீலகிரியின் சிறு விவசாயிகள் பட்ட பாட்டை இங்குள்ளவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அதன் பிறகு இலை வரத்துக் குறைந்து குறைந்து, ஒரு மழைக்காலத்தில் பூட்டிய கதவை இந்த ஆலை மீண்டும் திறக்கவில்லை.

பழைய முறைத் தேயிலை ஆலையைப் போல வெளிச்சம் நிறைந்த கட்டடம் வேறு இல்லை. பறித்த இலையைப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வரை வாடவிட வேண்டும் என்பதால், காற்று குறுக்கே ஓடுவதற்காக மேல்மாடிகளின் இரு பக்கமும் சுவரே தெரியாத அளவுக்கு ஜன்னல்களை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நூறு கிலோ பச்சை இலை, கடைசியில் ஏறத்தாழ இருபத்திரண்டு முதல் இருபத்தைந்து கிலோ தேயிலைத்தூளாகும். மீதி எடை முழுவதும் நீராவியாக வெளியேறுகிறது. அந்த ஈரத்தில் ஒரு பங்கு இந்த ஜன்னல்கள் வழியாகவே போயிருக்கிறது. காலை எட்டரை மணிக்கு மூடுபனி விலகியபோது, உடைந்த கண்ணாடிகளின் வழியே வந்த வெயில் வாடல் தட்டுகளின் துருப்பிடித்த கம்பி வலையில் பட்டு, மரத்தரை முழுவதும் கோலப்பொடியால் இழுத்த கட்டங்களைப் போல நிழலை விரித்தது. கீழ்த்தளத்தில் இலை முறுக்கும் உருளை மேசையின் பித்தளை வரிகளை யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு வரி மட்டும் எஞ்சியிருந்தது. அதன் இடுக்கில் விரலை விட்டு முகர்ந்தேன். தேயிலை வாசனைதான்.

மரத்தரையில் நடப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பலகையின் மேல் ஆணித் தலைகள் வரிசையாகத் தெரியும் இடத்தில், அடியில் உத்தரம் ஓடுகிறது என்று பொருள். அந்த வரிசையின் மேலேயே அடிவைத்து நடந்தால் உளுத்த தரையிலும் ஓரளவு பாதுகாப்பாகப் போய்வரலாம். நான் அப்படித்தான் நடந்தேன். முக்காலியை நகர்த்தும்போது மட்டும் கணக்கு தவறி, அதன் ஒரு கால் பலகையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றாமல் இருந்ததால் தப்பியது. சத்தம் கேட்டு ஓடி வந்த காவல்காரர், “சார், போன வாரம் ராத்திரி கரடி வந்து கீழ்க் கதவைப் பேத்துட்டுப் போச்சு, நீங்க மேல பலகையப் பேக்கறீங்களா?” என்று கேட்டார். நான்கு படங்களோடு இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஊட்டியிலிருந்து கூடலூர்ப் பேருந்தில் ஏறி, நடத்துநரிடம் “எச்.பி.எஃப்.” என்றேன். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அந்த நிறுவனத்தின் முழுப்பெயரைச் சொன்னால் இங்கே பலரும் ஒரு கணம் யோசிப்பார்கள். மூன்று எழுத்துகளே ஊரின் பெயராகிவிட்டன. இந்த மத்திய அரசு நிறுவனம் 1960-இல் பதிவாகி, பிரான்சின் பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. கருப்பு வெள்ளை பிலிம், அச்சிடும் தாள், பின்னாளில் பெருமளவு எக்ஸ்ரே பிலிம் என்று தயாரித்துக்கொண்டிருந்தது. திரைப்படமும் ஸ்டுடியோக்களும் வண்ணத்துக்கு மாறின. 1996-இல் நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. பிறகு டிஜிட்டல் வந்தது.

ஊட்டியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தூசு குறைந்த குளிர்ந்த காற்று. வெள்ளி நைட்ரேட்டையும் பொட்டாசியம் புரோமைடையும் ஜெலட்டினில் கலந்தால் வெள்ளி புரோமைடு நுண்படிகங்கள் உருவாகும். அந்தக் கூழைப் படலத்தின் மேல் மெல்லிய பூச்சாகப் பூசி உலர்த்த வேண்டும். ஒரு தூசி விழுந்தால் அது ஒரு புள்ளி. ஒரு கீற்று வெளிச்சம் விழுந்தால் மொத்தச் சுருளும் வீண். ஆகவே உலகில் எங்கே பிலிம் ஆலை கட்டினாலும் அதன் உயிரான பகுதி இருட்டாகத்தான் இருக்கும். முந்தைய நாள் பார்த்த தேயிலை ஆலைக்கு இது நேர் எதிர்.

சாலையோரத் தேநீர்க் கடையில் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்து, கம்பளித் தொப்பி அணிந்த பெரியவர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். பூச்சுப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்தவராம். பையிலிருந்து சுருளின் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பெட்டியை முகத்துக்கு அருகே வைத்துப் படித்தார். பிறகு அதன் நான்கு விளிம்புகளையும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினார்.

“உள்ள எப்படி நடப்பீங்க அண்ணா, ஒண்ணும் தெரியாதே?”

“அடி எண்ணி நடப்போம் தம்பி. எதிர்ல ஆள் வந்தா மோதிக்கக் கூடாதுன்னு குரல் குடுத்துக்கிட்டே போவோம். குரல வச்சே இன்னார்னு தெரியும். சில பேர முகத்தப் பாத்தா எனக்குச் சட்டுனு அடையாளம் தெரியாது, பேசினாத்தான் தெரியும்.”

இருபத்தாறு ஆண்டுகளில் உள்ளே வேலை நடக்கும்போது எடுத்த படம் ஒன்றாவது அவரிடம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே கேள்வியின் அபத்தம் எனக்குப் புரிந்துவிட்டது.

உள்ளே செல்ல எனக்கு அனுமதி இல்லை. கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சாலையில் நின்றபடியே நான்கு படங்கள் எடுத்தேன். கைவிடப்பட்ட இடத்தை எடுக்கும் எவரும் தேடுகிற உடைந்த ஜன்னல், சாய்ந்து விழும் ஒளி, தூசுத்தூண் எதுவும் அங்கே வாய்க்கவில்லை. புல் வளர்ந்த வேலி, அதற்கப்பால் நீளமான சுவர், அதன் மேல் வானம், அவ்வளவுதான். பழைய பிலிமுக்குப் பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் கூடுதல் ஒளி தர வேண்டும் என்பது பொதுவான கணக்கு; ஒரு ஸ்டாப் என்றால் ஒளியை இரு மடங்காக்குவது. மூன்று ஸ்டாப் கூட்டி வைத்தேன்.

அடுத்த பேருந்தில் பைக்காராவைக் கடந்து நடுவட்டம் சென்றேன். 1860-களில் கிளமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவர ஏற்பாடு செய்த சின்கோனாவை இந்தச் சரிவுகளில் பயிரிட்டார்கள். மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா அதன் பட்டையிலிருந்து கிடைத்தது. தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்த சிறைக் கட்டடம் இன்று தமிழ்நாடு அரசு நிறுவனமான டான்டீயின் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே நிற்கிறது. செயற்கை மருந்துகள் வந்ததும் கொயினாவின் காலம் முடிந்தது. சிறையின் ஜன்னலைப் பற்றித் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது? எட்டாத உயரம், கைக்குட்டை அளவு வானம். மூன்று படங்கள்.

கூடலூருக்கு அப்பால் இருக்கும் தேவாலாவுக்குப் போனபோது மாலையாகி, அட்டை ஏறி, மழையும் பிடித்துக்கொண்டது. 1880-ஐ ஒட்டி லண்டனில் பங்குகள் விற்று இங்கே தங்கம் தோண்ட வந்த கம்பெனிகள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் நொடித்துப் போயின. அவை விட்டுச்சென்ற சுரங்கங்களுக்குள் இந்தக் காலத்திலும் இறங்கி மண் சரிந்து இறந்தவர்கள் உண்டு. ஆகவே வாயருகேகூட நான் போகவில்லை. சாலையில் நின்றபடியே, தேயிலைச் செடிகளுக்கு மேலே தெரிந்த இருண்ட துளை ஒன்றை எடுத்து, பன்னிரண்டாவது படத்தோடு சுருளை முடித்தேன்.

வீட்டுக் குளியலறையில் டி-76 என்ற பிலிம் கழுவும் ரசாயனத்தைக் கலந்து நானே பிலிமைக் கழுவினேன். பரணில் இத்தனை கோடைகளைக் கடத்தியதன் பலன் தெரிந்தது. எல்லாப் படங்களிலும் புகை மூட்டம். நடுவட்டச் சிறை ஏறக்குறைய காணாமலே போயிருந்தது. தேயிலை ஆலையின் ஜன்னல்கள் வெள்ளைக் கட்டங்களாக மட்டும் நின்றன. நன்றாக வந்தது ஆறாவது படம்: அந்த நீளமான சுவர். அதன் மேல், மேகம் இருக்க வேண்டிய இடத்தில், மங்கலாக 7 என்ற எண். பிலிமோடு சேர்த்துச் சுற்றிய காகிதத்தில் ஒவ்வொரு படத்துக்கும் எண் அச்சிட்டிருப்பார்கள். சுருளின் அடுத்த சுற்றில் இருந்த காகிதம் முப்பது ஆண்டுகளாக ஆறாவது படத்தின் மேல் அழுந்திக் கிடந்து, தன் மையை அதில் பதித்துவிட்டிருக்கிறது. அந்தப் படத்தைப் பெரிய அளவில் அச்சிட்டிருக்கிறேன். அடுத்த முறை ஊட்டிக்குப் போகும்போது தேநீர்க் கடைப் பெரியவருக்கு ஒன்று கொடுக்க வேண்டும்.