யாருக்கும் வேண்டாத நிலம்

செங்கோட்டைக்காரர்களுக்கு எல்லை என்பது வீட்டுப் பேச்சு. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து எங்கள் ஊர் தமிழகத்தோடு இணைந்த கதையைத் தாத்தா சொல்லக் கேட்டே வளர்ந்தேன். ஆகவே, எந்த நாடும் உரிமை கோராத நிலம் ஒன்று உலகில் உண்டு என்று அறிந்தபோது எளிதில் நம்ப முடியவில்லை.

எகிப்துக்கும் சூடானுக்கும் இடையே ஏறத்தாழ 2,060 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் பீர் தாவீல் என்னும் பாலைநிலமே அது. 1899-இல் ஆங்கிலேயர் 22-ஆம் அட்சக்கோட்டையே எல்லையாக வைத்தனர். 1902-இல், அங்கு மேய்ச்சலுக்கு வரும் அபாப்தா மக்கள் எகிப்திலுள்ள அஸ்வான் நகரின் பக்கத்தைச் சார்ந்தவர்கள் என்பதால் பீர் தாவீலை எகிப்தின் நிர்வாகத்திலும், ஹலாயிப் பகுதியைச் சூடானின் நிர்வாகத்திலும் விட்டு இன்னொரு கோடு போட்டனர். செங்கடற்கரையும் பன்மடங்கு பரப்பும் கொண்ட ஹலாயிப் இரு நாடுகளுக்கும் வேண்டும். அதற்காக எகிப்து முதல் எல்லையையும் சூடான் இரண்டாம் எல்லையையும் பிடித்துக்கொண்டிருக்க, எந்த எல்லையைப் பிடித்தாலும் பீர் தாவீல் அடுத்தவர் பக்கம் போய்விடுகிறது. (எங்கள் பக்கத்தில் வரப்பு ஒரு சாண் நகர்ந்தாலே பஞ்சாயத்துதான்.)

2014-இல் ஓர் அமெரிக்கர் தம் மகளை இளவரசியாக்குவதற்காக அங்கே கொடி நட்டுவிட்டு வந்தார். எந்த அரசும் அதை ஏற்கவில்லை. நிலையான குடியிருப்பு இல்லையே தவிர, மேய்ச்சல்காரர்களும் பொன் தேடுவோரும் அங்கே கூடாரமடிப்பதுண்டு.