மணமக்கள் சொல்லும் வார்த்தை, துறவியர் கொடுக்கும் வார்த்தைப்பாடு

வாழ்நாளெல்லாம் துறவியாக இருப்பேன் என்று நித்திய வார்த்தைப்பாடு கொடுத்த ஒரு சிஸ்டர் மடத்தை விட்டு வெளியே வந்தால் ஊர் வாய் ஓயாது. "ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கையே மீறிட்டாங்க" என்பார்கள். ஆனால் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தைத் திறந்து பார்த்தால் கணக்கு நேர்மாறாக இருக்கும். துறவியை வார்த்தைப்பாட்டிலிருந்து விடுவிக்கத் திருச்சபைக்கு அதிகாரம் உண்டு. திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற இருவர் செல்லுபடியாகும்படி மணந்து, தம்பதியாகக் கூடியும் வாழ்ந்துவிட்டால், அந்தக் கட்டை அவிழ்க்கத் திருத்தந்தைக்கே அதிகாரம் இல்லை. சாவு மட்டும்தான் அவிழ்க்கும் (சட்டம் 1141).

காரணம் எளிது. வார்த்தைப்பாடு கடவுளுக்குக் கொடுக்கிற வாக்கு. அதைக் கடவுள் பெயரால் ஏற்றுக்கொள்கிற திருச்சபை, தக்க காரணம் இருந்தால் விடுவிக்கவும் செய்யலாம். திருமணத்தில் இருவரும் தங்களையே ஒருவருக்கொருவர் கொடுத்துவிடுகிறார்கள். இலத்தீன் வழிபாட்டு முறையில் திருமணத்தை நிறைவேற்றுகிறவர்கள் மணமக்களே. சாமியார் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டு, திருச்சபையின் பெயரால் ஏற்றுக்கொள்கிறார், அவ்வளவுதான்.

வலது கைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவர்கள் சொல்லும் வரிகளைக் கவனியுங்கள்: "…இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் நான் உமக்குப் பிரமாணிக்கமாயிருந்து, என் வாழ்நாளெல்லாம் உம்மை நேசிக்கவும் மதிக்கவும் வாக்களிக்கிறேன்." இதில் 'ஆனால்' இல்லை, 'வரைக்கும்' இல்லை. இந்த வரிகளுக்கு முன்னால் "ஏற்றுக்கொள்கிறேன்" என்று நிகழ்காலத்தில் சொல்வதால், சொன்ன நொடியிலேயே திருமணம் ஆகிவிடுகிறது. 'பிரமாணிக்கம்' கோயில் தமிழில் மட்டும் தங்கிவிட்ட பழைய சொல். தவறான உறவு கூடாது என்பதோடு அது நிற்பதில்லை. சொன்ன சொல்லில் நிற்பது என்ற முழுப் பொருளும் அதற்கு உண்டு. பொருள் தெரியாமலே பலர் ஒப்பிக்கிறார்கள். திருமணத் தயாரிப்பு வகுப்பில் இந்த ஒரு சொல்லுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் தகும்.

சிலுவையோ புறாவோ பொறித்த தாலியை அதன் பிறகுதான் மந்திரித்து, அதாவது ஆசீர்வதித்து, கட்டுவார்கள். கெட்டிமேளம் முழங்குவது அப்போது என்றாலும், திருமணம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

பிழை எங்கே நேர்கிறது? முதலாவது, உறவுக்காரச் சாமியார் ஒருவர் வெளியூரிலிருந்து வந்து திருமணத்தை நடத்திவைப்பது. அந்தக் கோயிலுக்குப் பொறுப்பான பங்குச் சாமியாரோ ஆயரோ (பிஷப்) அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்க மறந்துவிட்டால், பூசை எவ்வளவு சிறப்பாக நடந்திருந்தாலும் பொதுவாக அந்தத் திருமணம் செல்லாது (1108, 1111). வாயால் சொன்னாலே போதும் என்றாலும் ஒரு கடிதமாக வாங்கி ஏட்டோடு வைத்துவிடுவது நல்லது. இரண்டாவது, சாட்சிகள். இரண்டு சாட்சிகளும் சம்மதம் சொல்லும் நேரத்தில் அங்கேயே நின்று கேட்டிருக்க வேண்டும். வீடியோக்காரர்கள் மறைத்துக்கொண்டு நிற்க, சாட்சி வாசலில் விருந்தாளியை வரவேற்றுக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் வந்து கையெழுத்துப் போடுவது முறையல்ல.

இவற்றைவிட ஆழமான பிழை மனதுக்குள் இருப்பது. வீட்டார் மிரட்டி இழுத்து வந்து நிறுத்தினால் செல்லாது (1103). பிள்ளையே வேண்டாம் என்று உள்ளுக்குள் உறுதியாக முடிவு செய்துவிட்டு வாயால் மட்டும் ஒப்புக்கொண்டாலும் செல்லாது (1101). "வெளிநாட்டு விசா கிடைத்தால்தான் இந்தக் கல்யாணம்" என்று எதிர்காலத்தின் மேல் நிபந்தனை வைத்தாலும் செல்லாது (1102). மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பதும், பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியே உட்காரவைத்து விசாரிப்பதும் இதற்காகத்தான். அந்த விசாரணையில் பெற்றோர் பக்கத்தில் உட்கார அடம்பிடிப்பதை விட்டுவிட வேண்டும். பயந்துபோன பெண் உண்மையைச் சொல்ல அந்த ஒரு வாய்ப்புத்தான் இருக்கிறது. மறைமாவட்ட (ஆயரின் ஆளுகைப் பகுதி) நீதிமன்றம் பிற்பாடு 'செல்லாது' என்று தீர்ப்பளித்தால் அது விவாகரத்து அல்ல. கட்டு தொடக்கத்திலிருந்தே விழவில்லை என்று அறிவிப்பது.

துறவுக்கு வருவோம். மணமக்கள் ஒரு நிமிடத்தில் சொல்வதைச் சொல்லத் துறவிக்குப் பல ஆண்டுகள் தருகிறது சட்டம். 17 வயது நிறைந்தால்தான் நவதுறவு என்னும் தொடக்கப் பயிற்சிக் காலம். அது குறைந்தது 12 மாதம். இடையில் மூன்று மாதத்துக்கு மேல் இல்லத்தில் இல்லாவிட்டால் அந்த நவதுறவே செல்லாது (649). பிறகு முதல் வார்த்தைப்பாடு: கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல். இது மூன்று முதல் ஆறு ஆண்டுக்கு. தேவைப்பட்டால் மொத்தம் ஒன்பது வரை நீட்டலாம். காலம் முடிந்தால் தாராளமாக வீட்டுக்குப் போகலாம், அதில் பாவமும் இல்லை, அவமானமும் இல்லை. நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

ஏழ்மை என்பது உணர்ச்சியோடு நின்றுவிடுவதில்லை, காகிதத்திலும் உண்டு. முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் தன் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்பாவது நாட்டுச் சட்டப்படி செல்லும் உயில் எழுத வேண்டும் (668). பள்ளியில் வாங்கும் சம்பளம் சபையைச் சேரும். சபைக்குப் போனாலும் அந்தச் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்குகளும் அதில் அடக்கம்.

பலர் குழப்பிக்கொள்வது ஒன்று: மறைமாவட்டச் சாமியார்கள் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. மணத்துறவையும் ஆயருக்குக் கீழ்ப்படிதலையும் ஏற்கிறார்கள். அன்னை தெரசாவின் சபையிலோ மூன்றோடு நான்காவதாக ஒன்று உண்டு, ஏழைகளிலும் ஏழைக்கு முழுமனதோடு இலவசமாகத் தொண்டு செய்வது.

நித்திய வார்த்தைப்பாட்டுக்குப் பின் வெளியேற மிகக் கனமான காரணம் வேண்டும். விண்ணப்பம் சபைத் தலைமை வழியாகப் போகும். திருத்தந்தையின் நேரடி அதிகாரத்துக்கு உட்பட்ட பாப்பிறை உரிமைச் சபையானால் உரோமைக்கு, ஆயருக்கு உட்பட்ட மறைமாவட்ட உரிமைச் சபையானால் ஆயருக்கு. அனுமதி கைக்கு வந்து, மறுக்காமல் ஏற்றுக்கொண்டால் வார்த்தைப்பாடுகள் நீங்கிவிடும். அப்படி முறைப்படி வந்தவரை 'ஓடி வந்தவள்' என்பது அநியாயம். விண்ணப்பிக்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டால் கதை வேறு: அந்தச் செயலாலேயே சபையிலிருந்து நீங்கியவராவார் (694), திருச்சபை முன் அந்தத் திருமணமும் செல்லாது.

இரண்டு வாக்கும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. திருமுழுக்குப் பெற்ற பங்கின் பதிவேட்டில், பெயர் எழுதிய வரிக்குப் பக்கத்தில் ஓரமாக விட்டிருக்கும் இடம். திருமணம் ஆனாலும் அங்கே எழுதுவார்கள், நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தாலும் அங்கேயே எழுதுவார்கள். கல்யாணத்துக்கு ஓலை கொடுக்கப் போகும்போது, ட்ரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய ஞானஸ்நானச் சான்றிதழை வாங்க மறுத்துப் புதிதாக எடுத்து வரச் சொல்வது அந்த ஓரத்தைப் பார்ப்பதற்காகத்தான்.