கோவில்பட்டியிலிருந்து கோவைக்கு: வெளியூர்க் கல்லூரியை எழுதும் முன்

பொறியியல் கவுன்சலிங் தொடங்கிவிட்டால் சொந்தக்காரர் வீடுகளிலிருந்து எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். கோவில்பட்டியில் பள்ளிப்படிப்பை முடித்துக் கோவையில் மெக்கானிக்கல் படித்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. பிள்ளைகள் அனுப்பும் விருப்பப் பட்டியலில் முதலில் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரி இருக்கும். அதன் கீழே 2005, 2006, 2007 என்று கோவைக் கல்லூரிகளின் கவுன்சலிங் குறியீட்டு எண்கள் வரிசையாக நிற்கும். உள்ளூர்க் கல்லூரியைத் தேடினால் கடைசிப் பக்கத்தில் கிடைக்கும்.

இத்தனைக்கும் கோவில்பட்டியிலேயே 1984 முதல் ஒரு பொறியியல் கல்லூரி இயங்குகிறது. திருநெல்வேலியில் அரசுக் கல்லூரி உண்டு, மதுரையில் 1957-இல் தொடங்கிய தியாகராசர் உண்டு. "இங்கே இல்லாதது அங்கே என்னடா இருக்கிறது?" என்று என் அப்பா கேட்டார். அந்தக் கேள்விக்குப் பாடப்பிரிவைப் பொறுத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

என் பிரிவுக்குப் பதில் இருந்தது. கோவையில் பம்ப், மோட்டார், வார்ப்பாலை என்று தொழில் தெருத்தெருவாகப் பரவிக் கிடக்கிறது. பயிற்சிக்குப் போன வார்ப்பாலையில், ஒரு பம்ப் உறுப்பில் சிறுசிறு துளைகள் விழுந்திருந்தன. காரணம் கேட்டபோது, மூத்த தொழிலாளி ஒருவர் அச்சு மணலை அள்ளிக் கைக்குள் இறுக்கிப் பிடித்தார். விரித்த உள்ளங்கையில் ஈரம் ஒட்டியிருந்தது. "தண்ணீர் கூடிவிட்டது தம்பி. இரும்பை ஊற்றியதும் ஆவியாகி, வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்றுவிடும்" என்றார். புத்தகத்தில் அரைப்பக்கம் இருந்த பாடம் அங்கே அரை நிமிடத்தில் புரிந்தது. கார் உற்பத்தியில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் பக்கத்தில் இருப்பதால் சென்னை அப்படி உதவும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க விரும்புகிறவர்களிடம் நான் இதைச் சொல்வதில்லை. அவர்களுக்கு ஊரைவிட, கல்லூரியின் பெயரும் வேலைக்கு ஆள் எடுக்கும் வளாகத் தேர்வுக்கு எந்த நிறுவனங்கள் வருகின்றன என்பதும்தான் முக்கியம். சென்னைப் புறநகரில் பெயர் தெரியாத ஒரு கல்லூரிக்குப் போவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தன்னாட்சி பெறாத இணைப்புக் கல்லூரி என்றால், அண்ணா பல்கலைக்கழகத்தின் அதே பாடத்திட்டம், அதே வினாத்தாள்தான். ஊருக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் அதே படிப்புக்கு விடுதிக் கட்டணமும் மெஸ் பில்லும் சேர்த்துக் கொடுப்பீர்கள். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் பெறுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. விடுதிச் செலவையும் அரசே ஏற்பதால், அவர்கள் தூரத்துக்குப் பயந்து நல்ல கல்லூரியைக் கீழே தள்ளிவிடக் கூடாது.

படிப்போடு சம்பந்தமில்லாத காரணங்களும் உண்டு. பெரியவர்கள் அவற்றைக் காதில் வாங்குவதில்லை. வீட்டைவிட்டுக் கொஞ்ச காலம் தள்ளியிருக்க வேண்டும் என்று பதினேழு வயதில் தோன்றுவது இயல்புதான். எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டே ஆளை எடைபோடும் ஊரிலிருந்து வருகிறவனுக்கு, யாருக்கும் தன்னைத் தெரியாத விடுதி அறை எவ்வளவு பெரிய நிம்மதி என்பது வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பெண்பிள்ளைகளுக்கு நிலைமை வேறு. அவர்களின் பட்டியலை அத்தை வீடோ சித்தி வீடோ எந்த ஊரில் இருக்கிறது என்பதுதான் பல நேரம் தீர்மானிக்கிறது. அப்படி அனுமதி கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். ஆனால் உறவினர் வீட்டில் தங்குவதைவிட விடுதியில் தங்குவதே நல்லது. இரவு படிக்கும் நேரமாவது உங்கள் கையில் இருக்கும்.

பட்டியலை எழுதும்போது, சென்ற ஆண்டு கட்-ஆஃபைப் பார்த்துப் பயந்து, பிடித்த கல்லூரியைக் கீழே போடாதீர்கள். உங்கள் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, இடம் காலியாக உள்ள முதல் விருப்பத்தைத்தான் ஒதுக்குவார்கள். மேலே எழுதிய கல்லூரி கிடைக்காமல் போனால், அதனால் கீழே உள்ளதற்கு எந்தப் பாதிப்பும் வராது. எத்தனை விருப்பங்கள் வேண்டுமானாலும் எழுதலாம். எனவே வெளியூர்க் கல்லூரிகளுக்குப் பிறகு, போகத் தயாராக இருக்கும் உள்ளூர்க் கல்லூரிகளையும் தவறாமல் சேருங்கள். போகவே விருப்பமில்லாத கல்லூரியை மட்டும் இட நிரப்பலுக்காக எழுதாதீர்கள், அதுவே கிடைத்துவிடும்.

சேர்ந்த பிறகு ஒரே ஒரு வேலை. ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே திறந்துவிடுகிறது. கல்லூரி தீபாவளி விடுமுறையை அறிவிக்கட்டும் என்று காத்திருந்தால் நாகர்கோவில் ரயிலில் இடம் இருக்காது, ஆம்னி பஸ்காரர் கேட்கும் கட்டணத்தைத்தான் கொடுக்க வேண்டும். உத்தேசமாக ஒரு தேதிக்கு டிக்கெட் எடுத்துவிடுங்கள். ரத்து செய்தால் போவது கொஞ்சப் பணம்தான்.