ஓடுபாதை ஓரத்துக் கொக்குகள்

கொக்கு விரட்டிச் சம்பளம் வாங்கியவன் நான். தென் தமிழ்நாட்டில் நாலாபுறமும் கண்மாயும் வயலும் சூழ்ந்த ஒரு விமான நிலையத்தில், ஓடுபாதைப் பக்கம் பறவை அண்டாமல் பார்த்துக்கொள்ளும் பிரிவில் வேலை. ஒரு ஜீப், ஒரு வாக்கி டாக்கி, ஒரு பை நிறைய வெடி. பெண் பார்க்கப் போன வீட்டில், "மாப்பிள்ளைக்கு விமானத் துறையில் உத்தியோகம்" என்று சொல்லி அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்காதபடி பேச்சை மாற்றிவிட்டதாக என் சித்தப்பா இன்றும் பெருமையடித்துக்கொள்வார்.

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் எழும்பும் விமானத்தின் இன்ஜினுக்குள் அரைக் கிலோகூடத் தேறாத ஓர் உண்ணிக்கொக்கு போய்விட்டால் விசிறித் தகடுகள் எப்படி வளைந்து கிடக்கும் என்று பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வராது. நம் நாட்டு விமான நிலையங்களில் கரும்பருந்துக்குத்தான் முதல் பயம். அதனால்தான் நிலையத்தைச் சுற்றிப் 10 கிலோமீட்டருக்குள் வெளியில் கால்நடை அறுப்பதும், கழிவு கொட்டுவதும் சட்டப்படி கூடாது. பருந்துக்கு அந்தச் சட்டம் சரி. கொக்கைப் பொறுத்தவரை அது பாதி மருந்துகூட இல்லை. கொக்குக்கு வேண்டியது புல், புல்லுக்குள் வெட்டுக்கிளி, அந்தப் புல்லைக் கலைத்துவிட யாராவது ஒருவர். மூன்றையும் நாங்களே வேலி போட்டு, காவல் வைத்து, செலவழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

பகலில் புல் வெட்டும் டிராக்டர் கிளம்பினால் போதும். எங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்குமோ, சற்று நேரத்தில் பின்னால் வரிசை கட்டிவிடும். உண்ணிக்கொக்கின் பிழைப்பே அதுதான். தானாக நடந்து இரை தேடுவதைவிட மேயும் மாட்டை ஒட்டி நடந்தால் குறைந்த அடிகளில் அதிக இரை கிடைக்கிறது. மாட்டின் குளம்புக்குத் தப்பித் தாவும் பூச்சி நேராக அலகுக்குள் வந்து விழும். எருமையானாலும் யானையானாலும் டிராக்டரானாலும் அதற்கு ஒன்றுதான், புல் அசைய வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டு அது பிடித்த ஊர்களைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. 1950களில் வட அமெரிக்காவில் கூடு கட்டியது. காட்டை அழித்து மாட்டுப் பண்ணை போட்ட இடமெல்லாம் பின்னாலேயே போயிருக்கிறது. அப்படிப்பட்ட பறவை எங்கள் வேலியைத் தாண்டாமல் இருக்குமா?

டிராக்டர் ஓட்டிய அண்ணன் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஓடுபாதையின் கிழக்குக் கோடி ஒரு காலத்தில் அவருடைய அப்பா உழுத நிலம். "அப்போது ஏர் பின்னால் வந்தவைதான் தம்பி இவை. ஆளும் மாறவில்லை, கொக்கும் மாறவில்லை. உழுகிற நிலத்துக்குத்தான் பெயர் மாறிவிட்டது" என்பார். அவரிடமிருந்துதான் இந்த வேலையின் அரிச்சுவடியைக் கற்றேன், மேலதிகாரிகள் கொடுத்த கையேட்டிலிருந்து அல்ல.

புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் செய்வது ஒன்றுண்டு. கொக்குக் கூட்டத்தைக் கண்டதும் ஜீப்பை விரட்டிக்கொண்டு போய் வெடி போடுவார்கள். அண்ணன் தடுப்பார். "வெடியைக் கீழே வை. அது எந்தப் பக்கம் எழும்பும் என்று முதலில் சொல், பார்க்கலாம்." கொக்கு எதிர்க்காற்றில்தான் எழும்பும், விமானமும் எதிர்க்காற்றில்தான் எழும்பும். எழும்பியதும் கொக்கு ஓடிவிடாது. நிதானமாகச் சிறகடித்து அரை வட்டம் போட்டு, பயம் தெளிந்ததும் பக்கத்திலேயே இறங்கும். புல்வெளியில் நிற்கும் கொக்கு யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. ஓடுபாதையின் குறுக்கே பறக்கும் கொக்குதான் ஆபத்து. தப்பான பக்கத்திலிருந்து விரட்டினால் அந்த ஆபத்தை உண்டாக்கியவர் நீங்களே. ஆகவே ஜீப் எப்போதும் ஓடுபாதைக்கும் கூட்டத்துக்கும் நடுவே நிற்க வேண்டும், காற்றைப் பார்த்து வேலிப் பக்கமாகத் தள்ள வேண்டும், விமானம் நெருங்கிவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கடினம். சும்மா நிற்பவனை மேலதிகாரிக்குப் பிடிக்காது.

வெடிச்சத்தமும் சில நாளைக்குத்தான். எரிவாயுவில் இயங்கும் ஒரு வெடிக்குழாய் வாங்கி வைத்தார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் தானாக 'டமார்' என்னும். முதல் வாரம் ஆட்காட்டிக் குருவிகூட அலறிக்கொண்டு ஓடியது. பிறகு அந்தக் குழாயின் நிழலிலேயே கொக்கு நின்றுகொண்டிருந்தது. சத்தத்துக்குப் பின் எதுவும் நடக்கவில்லை என்றால் அந்தச் சத்தத்தை அது மதிப்பதில்லை. எங்கள் ஜீப்பையும் மற்ற ஜீப்புகளையும் வேறுபடுத்தித் தெரிந்து வைத்திருந்தது என்பது என் திடமான நம்பிக்கை.

கடைசியில் பலன் தந்தது சத்தமே இல்லாத ஒரு மாற்றம்: கொக்கு அடைந்த பிறகு, இரவில் புல் வெட்டுவது, வெட்டிய புல்லை விடிவதற்குள் அள்ளிவிடுவது. யோசனை எளிது. இரவுப் படி யார் கொடுப்பது, டிராக்டருக்கு விளக்கு எந்தக் கணக்கில் வாங்குவது என்று கோப்பு ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கியதுதான் எளிதாக இல்லை. புல்லை எவ்வளவு உயரம் விடுவது என்பதிலும் தகராறு. பிரிட்டனில் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை வளரவிடுவார்கள். குட்டைக்கால் பறவைகளுக்கு உயர்ந்த புல்லுக்குள் நிற்கவும் இரை தேடவும் பிடிக்காது. அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்து பேசிய ஒருவரிடம், கொக்கின் காலைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான்.

மோதி விழுந்த பறவையை எடுத்து, இறகைக் காகித உறையில் போட்டு, இன்னது என்று எழுதி அனுப்புவதும் எங்கள் வேலை. விமானச் சக்கரம் பட்டு விழுந்த ஓர் உண்ணிக்கொக்கை எடுத்தபோது என் கறுப்புக் கையுறை முழுக்க வெண்மாவு படிந்தது. தூசி என்று தட்டினால் போகவில்லை. கொக்கு இனத்தின் மார்பிலும் இடுப்போரத்திலும் உதிராமலே வளர்ந்துகொண்டிருக்கும் சிறப்பான தூவிகள் உண்டு. அவற்றின் நுனி நைந்து மாவாகிவிடும். விலாங்கின் கொழகொழப்போ சேறோ இறகில் ஒட்டினால் இந்த மாவைத் தடவிக் காய வைத்து, பிறகு சீவி எடுத்துவிடுகிறது. சீவுவதற்குச் சீப்பும் உடம்பிலேயே இருக்கிறது. காலைத் திருப்பி நடுவிரலின் நகத்தைப் பார்த்தேன். உள்விளிம்பில் வரிசையாகப் பல். அவ்வளவு நுண்ணியது, நகத்தைக் கட்டைவிரலால் வருடினால்தான் சொரசொரப்புத் தெரியும். அன்று அந்தப் பறவைக்கு இனப்பெருக்கக் காலம் தொடங்கியிருந்தது. உச்சந்தலையிலும் கழுத்திலும் முதுகிலும் செம்மஞ்சள் ஏறியிருந்தது. எங்கோ ஒரு கூட்டில் அதற்காக எதுவோ காத்திருக்கும் என்ற நினைப்பு வந்தது. அதை எழுதுவதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

கொக்குக்கு நாம் பொறுமை என்ற பட்டத்தைக் கொடுத்து வைத்திருக்கிறோம். உண்ணிக்கொக்கிடம் அதைத் தேட வேண்டாம், அது நாள் முழுக்க நடக்கும் பறவை. சின்ன வெண்கொக்கிடமும் தேட வேண்டாம். மழை பெய்து ஓரத்தில் தேங்கிய தண்ணீரில் அது கறுப்புக் காலை நீட்டி மஞ்சள் பாதத்தை உதறி உதறிச் சேற்றைக் கலக்கும். ஒளிந்திருப்பது வெளியே வரும்போது கொத்தும். பட்டத்துக்கு உரியது மடையான்தான். குருட்டுக்கொக்கு என்றும் சொல்வார்கள். எங்கள் வடிகாலில் எப்போதும் இரண்டொன்று நிற்கும். மண்ணும் கோரையும் கலந்த நிறம். ஜீப் பக்கத்தில் வரும்வரை அசையாது, கண் தெரியாததுபோலவே இருக்கும். காலடியில் மிதிபடப் போகிறதோ என்னும்போது பளிச்சென்று வெள்ளைச் சிறகு விரியும், அந்தப் பழுப்புப் பறவையா இது என்று திகைக்க வைக்கும். குருடு என்பது அபாண்டம். கண்கள் அலகுக்குக் கீழேயும் பார்க்கும்படி அமைந்தவை. தலையைத் திருப்பாமலே தன் கால் பக்கத்துத் தண்ணீரையும் நம் ஜீப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது. வடிகாலின் இறக்கத்தைச் சரிசெய்து தண்ணீர் தேங்காமல் செய்தோம்; மடையான் வயலுக்குப் போய்விட்டது. அதற்கு ஒரு வெடிகூடப் போட்டதில்லை.

நாரைகளின் கதை வேறு. மஞ்சள் மூக்கு நாரை இரண்டு, மூன்று கிலோ எடை. அதுவும் நத்தைகுத்தி நாரையும் எங்கள் புல்லை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வெயில் ஏறித் தரை சூடானதும் மேலெழும் காற்றில் வட்டமிட்டு உயரும். அங்கே நம் வெடி எட்டாது. கழுத்தை நீட்டிப் பறந்தால் நாரை, மடக்கி முதுகோடு ஒட்டிப் பறந்தால் கொக்கு என்று புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன். உடனே ஒருவன், "சாம்பல் நாரை மடக்கித்தானே பறக்கிறது?" என்பான். பெயரில்தான் அது நாரை, இனத்தில் கொக்கு என்று சொல்லிச் சமாளிப்பேன். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு நாங்கள் சொல்ல முடிந்தது நேரம், திசை, உத்தேச உயரம், அவ்வளவுதான்.

அந்தி நேரம்தான் மிகவும் பரபரப்பு. கொக்குகள் எல்லாம் மேற்கே உள்ள கண்மாய்க் கருவேல மரங்களுக்குத் திரும்பும். அவை அடையும் அதே நேரத்தில், இரவில் இரை தேடும் கொக்கான வக்கா கிளம்பும். இரவு ஷிப்டுக்காரர்கள் கேட்டில் நம்மைக் கடந்து உள்ளே போவதுபோல, எதிரும் புதிருமாக. இருட்டில் உருவம் தெரியாது, தலைக்கு மேல் 'வக்' என்ற குரல் மட்டும் போகும். அதைக் கேட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்க்காமலே ஷிப்ட் முடிந்தது என்று தெரிந்துகொள்வோம்.

ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம் கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போயிருந்தேன். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர். கண்மாயில் கூடு கட்டும் பறவை கலைந்துவிடும் என்று அந்த ஊரில் பல காலமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, பிள்ளைகள்கூட. டீக்கடையில் ஒரு பெரியவர் என்னிடம், "தம்பிக்கு என்ன வேலை?" என்று கேட்டார். "விமான நிலையத்தில்" என்றேன். "அங்கே என்ன வேலை?" "மேற்பார்வை." சித்தப்பாவின் சாமர்த்தியம் எனக்கும் வந்துவிட்டது.

எங்கள் மேற்குக் கண்மாய்க்கு வருகிறேன். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு அங்கேயும் கூடுகள் உண்டு. முதல் முட்டை இட்டதுமே கொக்கு அடைகாக்க உட்கார்ந்துவிடுவதால் குஞ்சுகள் ஒன்றாகப் பொரிப்பதில்லை. மூத்ததற்கும் இளையதற்கும் சில நாள் வித்தியாசம். இரை குறைந்த வருடம் இளையது பிழைக்காது. கூட்டில் குஞ்சு இருக்கும் மாதங்களில் தாயும் தகப்பனும் பகல் முழுக்கப் போக்கும் வரத்துமாக இருக்கும், எங்களுக்கும் வேலை அதிகம். இதைப் பார்த்துவிட்டு, அந்தக் கருவேல மரங்களை வெட்டிவிட்டால் தொல்லை தீருமே என்று ஒரு யோசனை எழுந்தது. கண்மாய் விமான நிலையத்துக்குச் சொந்தமில்லை; ஊர்க்காரர்கள், நாங்கள் வெட்டவும் மாட்டோம், வெட்ட விடவும் மாட்டோம் என்றார்கள். மேலதிகாரிகள் என்னிடம் எழுத்தில் கருத்துக் கேட்டார்கள்.

நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இப்போது கொக்குகள் மேற்கில் அடைகின்றன. காலையில் விடிந்த சற்று நேரத்தில் தெற்கு வயலுக்குப் போகின்றன, அந்தியில் அதே வழியில் திரும்புகின்றன. இரண்டு நேரமும் தாழப் பறக்கின்றன, ஓடுபாதையின் கோடியை மட்டும் தொடுகின்றன. கோபுரத்துக்கு முன்கூட்டியே சொல்ல முடிகிறது. மரத்தை வெட்டினால் அவை ஊரைவிட்டுப் போகாது, வேறு மரம் தேடும். அடுத்த பெரிய மரக்கூட்டம் இருப்பது கிழக்குக் கண்மாயில். வயல் தெற்கிலும் மேற்கிலும் இருக்கிறது. கிழக்கில் அடைந்தால் அவை தினமும் இரண்டு முறை ஓடுபாதையின் நட்டநடுவே குறுக்காகப் பறக்கும். வரைபடத்தில் சிவப்பு மையால் கோடும் போட்டு இணைத்தேன். பதிலாக ஒரு கேள்வி மட்டும் வந்தது: கொக்கு கிழக்குக்குத்தான் போகும் என்பதற்கு ஆதாரம் என்ன? டிராக்டர் அண்ணனின் பெயரை எழுதி அனுப்பினேன்.