ஆறு காணாமல் போகும் இடத்தில் சைக்கிள்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், வில்லாமெட் தேசிய வனத்துக்குள் மெக்கென்சி ஆற்றை ஒட்டியே ஓர் ஒற்றையடிப் பாதை இறங்குகிறது. சுமார் 42 கிலோமீட்டர். போன செப்டம்பரில், கூட வேலை பார்க்கும் சேலத்து அண்ணனோடு அதில் சைக்கிள் ஓட்டினேன். கீழே மெக்கென்சி பிரிட்ஜ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு, ஷட்டில் வண்டியில் மேலே கிளியர் லேக் பக்கம் போய் இறங்கினோம்.

மொத்தத்தில் இறக்கம்தானே என்று நம்பி வருகிறவர்களை ஏரிக் கரையிலேயே எரிமலைப் பாறை நிறுத்திவிடும். அந்த ஏரியே எரிமலைக் குழம்பால் பிறந்தது. ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு முன் குழம்பு வந்து ஆற்றை மறிக்க, தேங்கிய தண்ணீரில் காடு மூழ்கியது. தண்ணீர் அவ்வளவு குளிர் என்பதால் அந்த மரங்களில் சில மக்காமல் இன்றும் அடியில் நின்றுகொண்டிருக்கின்றன.

அப்புறம் சஹாலி, கூசா என்று இரண்டு அருவிகள். சாரலில் நனைந்த வேர்கள் வழுக்கும். அங்கே நான் இறங்கித் தள்ளினேன்.

கார்மன் நீர்த்தேக்கத்தைத் தாண்டியதும் ஆறு காணாமல் போகிறது. ஒரு பங்கு தண்ணீரைச் சுரங்கக் குழாய் வழியே பக்கத்து நீர்த்தேக்கத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். மீதி பாறைக்கு அடியில் இறங்கிவிடுகிறது. காலையிலிருந்து காதில் இருந்த இரைச்சல் சட்டென்று நின்றது. பக்கத்தில் பாசி படர்ந்த வறண்ட படுகை. டயர் கல்லில் உரசும் சத்தமும் என் மூச்சும்தான்.

அந்த அமைதியில்தான் 'உஸ்ஸ்' என்றது. பாறை புதிதாகக் கொத்திய அம்மி மாதிரி. பின் டயரின் பக்கவாட்டில் ஒரு அங்குலம் கிழித்திருந்தது. ட்யூப் இல்லாத டயர் அது; ஓட்டையைத் தானே அடைக்க உள்ளே ஊற்றியிருந்த வெள்ளைப் பசை பீய்ச்சி அடித்தது, அடைபடவில்லை. அண்ணன் பர்ஸிலிருந்து ஒரு டாலர் நோட்டை எடுத்து, நான்காக மடித்து, கிழிசலுக்கு உட்புறம் வைத்து, ட்யூப் போட்டுக் காற்றடித்தார்.

"தாங்குமாண்ணே?"

"தாங்கும்ப்பா. கல்லு மேல ஏத்தாம பாத்து ஓட்டு."

கல்லைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில்! பெடல் இரண்டையும் மட்டமாக வைத்து, உடம்பைப் பின்னால் தள்ளி, நடை வேகத்தில் உருட்டினேன். ஓட்டியதைவிடத் தள்ளியதே அதிகம்.

பிறகு தமோலிட்ச் குளம். பாறைக் கிண்ணத்துக்குள் அப்படியொரு நீலம். மேலே அருவி இல்லை, விழும் சத்தம் இல்லை. புதைந்து போன ஆறு அடியிலிருந்து சத்தமில்லாமல் ஊறி வந்து நிறைகிறது. என் டயரைக் கிழித்த பாறைதான் இந்தத் தண்ணீரை இத்தனை தூரம் வடிகட்டிக் கொண்டுவந்திருக்கிறது. விளிம்பில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தயவுசெய்து அதில் குதிக்காதீர்கள். பனிக்கட்டி போன்ற குளிர். குதித்து உயிரை விட்டவர்கள் உண்டு.

குளத்துக்குக் கீழேயும் கொஞ்ச தூரம் பாறைதான். அதன்பின் ஊசியிலை மெத்தென்று மூடிய மண், பெரிய டக்ளஸ் ஃபிர் மரங்கள், ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி வைத்த மரக்கட்டைப் பாலங்கள். ஆற்றின் இரைச்சல் மறுபடி கூடவே வந்தது. பிரேக்கை விட்டுவிட்டு இருவரும் பேசாமல் ஓட்டினோம்.

வரும் ஜூலையில் திரும்பப் போகிறோம், பக்கவாட்டு தடித்த டயர் மாட்டிக்கொண்டு. குளத்தில் கூட்டம் சேரும் முன்பே போய்ச் சேர வேண்டும் என்று வாரநாளாகப் பார்த்து லீவு சொல்லியாகிவிட்டது.